டோக்கியோவின் சாதாரண சாப்பாட்டுக் கடைகள்: சீட்டு மெஷின், மீன் சாறு, சில்லறைக் காசு

டோக்கியோவில் 500 யென்னிலிருந்து 1,200 யென்னுக்குள் வயிறு நிறையச் சாப்பிட முடிகிற கடைகள் கிட்டத்தட்ட எல்லா ரயில் நிலைய வாசலிலும் இருக்கின்றன. சோற்றின் மேல் மாட்டிறைச்சி போட்டுத் தரும் கியூடோன் கடை, நின்றபடியே சாப்பிடும் சோபா (பக்வீட் தானிய நூடுல்ஸ்) கடை, ஊடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்), ரமேன் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்), கறி ரைஸ், சுற்றுப் பட்டை சுஷி (புளிச்சோற்றின் மேல் மீன் வைத்த துண்டுகள்). வருடக்கணக்கில் இவற்றிலேயே சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: இங்கே எல்லா முடிவும் உட்காருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. நம்மூர் ஹோட்டலில் சர்வரைக் கூப்பிட்டு, "வெங்காயம் இல்லாம, காரம் கம்மியா" என்று கேட்பதுபோல இங்கே கேட்டுக்கொள்ள வழி மிகக் குறைவு. ஆகவே கதவைத் திறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் சீட்டு மெஷின்

பாதிக் கடைகளில் வாசலை ஒட்டியே ஒரு டிக்கெட் மெஷின் நிற்கும். பெயர் ஷொக்கென்கி. பழைய பொத்தான் மெஷின் என்றால் முதலில் காசு போட வேண்டும். போட்ட தொகைக்குள் வாங்க முடிகிற பொத்தான்களில் மட்டும் விளக்கு எரியும். காசு போடாமல் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. புதிய தொடுதிரை மெஷினில் வரிசை தலைகீழ்: முதலில் கடையிலேயே சாப்பிடுவதா பார்சலா, பிறகு உணவு, அளவு, டாப்பிங், கடைசியில் பணம். பெரிய செயின் கடைகளின் திரையில் ஆங்கிலம் இருக்கும். தெருமுனை ரமேன் கடையில் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்து மட்டும்தான். அங்கே கைகொடுப்பது ஒரு பழைய வழக்கம்: இடது மேல் மூலையில் இருக்கும் பொத்தான்தான் அந்தக் கடையின் பெயர் சொல்லும் பண்டம். எழுத்துத் தெரியாவிட்டால் அதை அழுத்தலாம், பெரும்பாலும் ஏமாற்றாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், காசில். பழைய மெஷின்கள் பல 1,000 யென் நோட்டை மட்டும்தான் எடுக்கும். 10,000 யென் நோட்டோடு நின்றால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். 2021 நவம்பரில் புதிய 500 யென் நாணயம் வந்தது, 2024 ஜூலை 3ஆம் தேதி 1,000, 5,000, 10,000 யென் நோட்டுகள் மூன்றும் மாறின. மெஷினையே மாற்றச் சிறு கடைக்குப் பெரிய செலவு ஆகும். அதனால் "புதிய நோட்டு செல்லாது" என்று கையால் எழுதி ஒட்டிய கடைகள் உண்டு. பணப்பையில் நான்கைந்து 1,000 யென் நோட்டும், 100 யென் நாணயங்கள் கொஞ்சமும் எப்போதும் இருக்கட்டும். ரயில் அட்டையான சுய்காவைப் பெரும்பாலான செயின் கடைகள் வாங்கிக்கொள்ளும், தனிக் கடைகளை நம்ப முடியாது.

இன்னொன்று, மீதிச் சில்லறை. சில மெஷின் தானாகக் கொட்டும். சிலவற்றில் ஒரு சிறிய நெம்புகோலைக் கீழே அழுத்தினால்தான் விழும். கூடுதல் டாப்பிங் வாங்குவார் என்று மெஷின் காத்திருக்கிறது, அதுதான் காரணம். சீட்டு கையில் வந்ததும் நடந்துவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. நெம்புகோலை ஒரு தடவை தட்டிவிட்டு நகருங்கள்.

கியூடோன்: அளவு தெரிந்தால் போதும்

யொஷினோயா, மட்சுயா, சுகியா மூன்றும்தான் இந்தத் துறையின் பெரிய பெயர்கள். யொஷினோயா 1899இல் நிஹொம்பாஷி மீன் சந்தையில் தொடங்கியது. அந்தச் சந்தைக் காலத்து அவசரம் இன்றும் மாறவில்லை, ஆர்டர் கொடுத்த ஓரிரு நிமிடத்தில் கிண்ணம் முன்னால் வந்துவிடும். நமி என்றால் சாதாரண அளவு, ஒமொரி பெரியது, டொக்குமொரி அதற்கும் மேல். யொஷினோயாவில் "அத்தாமா நோ ஒமொரி" என்று கேட்டால் சோறு நமி அளவிலும் இறைச்சி மட்டும் பெரிய அளவிலும் வரும். சோறு தேங்கிப்போகிறது என்பவர்களுக்கு இதுவே சரியான கணக்கு. "ட்சுயுதாக்கு" என்றால் சாறு கூடுதல். ஆனால் சோறு சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும், வேகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கே அது ஒத்துவரும். செவ்விஞ்சி ஊறுகாயும் ஏழுவகை மிளகாய்ப் பொடியும் மேசையிலேயே இலவசம்.

மட்சுயாவில் கடையில் சாப்பிட்டால் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் இலவசமாக வரும், மற்ற இரண்டில் தனிக் காசு. சுகியா 2024 ஏப்ரலிலிருந்து இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 7 சதவீதம் கூடுதலாக வாங்குகிறது. நள்ளிரவில் பசித்தால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சைவர்கள் வழுக்கி விழும் இடம்

டோக்கியோ சோபா கடையின் வேலையை அருகில் நின்று பார்ப்பது ஒரு சுகம். சீட்டைக் கல்லாவில் வைத்து, சோபாவா ஊடோனா என்றும், சூடா குளிரா என்றும் சொல்ல வேண்டும்: "அத்தகாய்" சூடு, "த்சுமெத்தாய்" குளிர். சமையல்காரர் ஒரு கொத்து நூடுல்ஸைக் கைப்பிடி வைத்த வடிகூடையில் போட்டுக் கொதிநீரில் அமிழ்த்துகிறார், உதறித் தண்ணீரை இறக்குகிறார், கிண்ணத்தில் கவிழ்த்து மேலே கருமையான சாற்றை ஊற்றுகிறார், வெங்காயத்தாள் தூவுகிறார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம். ஃபுஜி சோபா, யுதெதாரோ போன்ற கடைகளில் ஆள் நகர நகர இது நடந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கருமையான சாறுதான் விஷயம். கிண்ணத்தில் கீரையும் காளானும் மட்டுமே மிதக்கலாம். ஆனால் சாறு தாஷியில் செய்தது. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து, அதைச் சீவிய துருவலைக் கொதிநீரில் போட்டு வடித்தால் வருவது தாஷி. இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக்கருவாட்டுக்கு இது நெருங்கிய சொந்தம். அதே சூரை, அதே அவித்துப் புகைபோடும் முறை. மிசோ சூப், டெம்புராவுக்கான (மாவில் தோய்த்துப் பொரித்த காய், இறால்) சாறு, முட்டை ஆம்லெட், இனாரி சுஷியின் வறுத்த டோஃபு, குளிர்ந்த சோபாவைத் தொட்டுச் சாப்பிடும் சாறு என எல்லாவற்றிலும் இது இருக்கும். சுஷிக் கடைச் சோயா சாஸிலும் பல நேரம் தாஷி கலந்திருக்கும்.

"இறைச்சி வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். "நிகு" என்ற சொல் கடைக்காரர் காதில் மாட்டையும் பன்றியையும்தான் குறிக்கும். மீன் சாறு அவர் கணக்கில் இறைச்சியே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, சொல்லின் எல்லை அப்படி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "காட்சுவோ தாஷி ஹாய்த்தே இமாஸ் கா?" அதாவது, சூரை மீன் சாறு இதில் இருக்கிறதா.

இதைவிட நயமான ஒரு பொறி உண்டு. செயின் கடைகள் தங்கள் தளத்தில் ஒவ்வாமைப் பட்டியல் போட்டிருக்கும். எந்த உணவில் எது இருக்கிறது என்று கட்டம் கட்டமாக வட்டம் போட்டிருப்பார்கள். ஜப்பானின் பட்டியலில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு ஆகியவற்றோடு மாட்டிறைச்சி, பன்றி, கோழி, ஜெலட்டின் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. மாடு, பன்றி சாப்பிடாதவர்களுக்கு இது தங்கம். கறி சாஸுக்குள் ஒளிந்திருக்கும் மாட்டுக் கொழுப்பைக்கூட இதில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மீன்களில் சால்மனுக்கும் கானாங்கெளுத்திக்கும்தான் கட்டம், சூரைக்கு இல்லை. கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தாலும் சாறு மீன் சாறாகவே இருக்கலாம். அசைவத்தில் சிலதை மட்டும் தவிர்ப்பவர் அந்தப் பட்டியலை நம்பலாம். முழுச் சைவர் நம்பக் கூடாது.

சோபா ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். சோபா கடையில் ஊடோனும் பெரும்பாலும் அதே கொதிநீரில்தான் வேகிறது. ஊடோன் கேட்டால் தப்பிவிடலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. ஊடோன் மட்டும் போடும் மருகாமே செய்மென் போன்ற கடைக்குப் போவது நல்லது. அங்கே நடைமுறையும் எளிது: தட்டை எடுத்து வரிசையில் நின்று, நூடுல்ஸ் வகையும் அளவும் சொல்லி, கிண்ணத்தை வாங்கி, டெம்புராவை இடுக்கியால் நாமே எடுத்து, கல்லாவில் பணம். வெங்காயத்தாள், இஞ்சி, பொரித்த மாவுத் துணுக்கு எல்லாம் கல்லா தாண்டி இலவசம். பொதுவாகப் பசிக்கிறவர்கள் டெம்புரா தட்டில்தான் பணத்தைக் கரைக்கிறார்கள். இரண்டு துண்டு எடுத்தாலே டெம்புராச் செலவு நூடுல்ஸின் விலையை நெருங்கிவிடும்.

ரமேன், சுஷி, கறி

ரமேன் கடையில் பேச வேண்டிய தருணம் ஒன்றே ஒன்றுதான், சீட்டைக் கொடுக்கும்போது. ஹகாதா (தெற்கே ஃபுகுவோகா நகரின் ஒரு பகுதி) பாணியில் நூடுல்ஸின் கடினம் கேட்பார்கள்: "கத்தாமே" சற்றே கெட்டி, "பரிகத்தா" நன்றாகக் கெட்டி. மெல்லிய நூடுல்ஸ் சூப்பிலேயே வெந்துகொண்டிருக்கும், அதனால் கத்தாமே சொல்வதே நல்லது. இன்னொரு நூடுல்ஸ் உருண்டை வேண்டும் என்றால் "கயெதாமா". அதற்குச் சூப்பை மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஜிரோ என்ற டோக்கியோ ரமேன் கடையின் பாணியில் நடக்கும் கடைகளில் மட்டும் கேள்வி கடைசியில் வரும். கிண்ணத்தைத் தரும் முன்பு பூண்டு போடலாமா என்று கேட்பார், அப்போதுதான் காய், கொழுப்பு, கூடுதல் சோயாச் சாறு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அங்கே "சிறியது" என்பது மற்றக் கடைகளின் இருமடங்கு. தெரியாமல் பெரியதை அழுத்திவிட்டுப் பாதியில் வைப்பது அந்தக் கடைகளில் உண்மையிலேயே சங்கடம்.

சுற்றுப் பட்டை சுஷியை 1958இல் ஒசாகாப் பக்கம் ஷிராய்ஷி யொஷியாகி தொடங்கினார். பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்வதைப் பார்த்து வந்த யோசனை. இன்று பெயர்தான் மிச்சம். 2023 ஜனவரியில் சோயா புட்டியை நக்கும் ஒரு வீடியோ பரவியபின் பல கடைகள் சும்மா சுற்றவிடுவதை நிறுத்திவிட்டன. தொடுதிரையில் ஆர்டர் செய்தால் அதிவேகப் பட்டையில் தட்டு நேராக உங்கள் முன் வந்து நிற்கும். ருசிக்கு இது லாபமே, யாரும் எடுக்காமல் காய்ந்துபோன சுஷி இப்போது இல்லை. 100 யென் தட்டும் 2022 அக்டோபரோடு சில பெரிய கடைகளில் முடிந்தது. ஒரே செயினிலும் டோக்கியோ நடுவில் விலை அதிகம், புறநகரில் குறைவு. இரண்டு நிலையம் தள்ளிப் போனால் தட்டுக்குச் சில பத்து யென் மிச்சம்.

மேசையில் கருப்புப் பொத்தானோடு ஒரு சிறு குழாய் இருக்கும். அது கை கழுவுவதற்கு அல்ல, கொதிநீர். கோப்பையில் பச்சைத் தேயிலைப் பொடியைப் போட்டு, கோப்பையின் விளிம்பால் பொத்தானை அழுத்தினால் தேநீர் தயார். பொடி கால் கரண்டிக்கு மேல் வேண்டாம், கசந்துவிடும். குழந்தைகளை அந்தக் குழாய்ப் பக்கம் உட்கார வைக்கவே கூடாது. சைவத்துக்கு இங்கே துணை வெள்ளரிச் சுருள். தொட்டுக்கொள்ளச் சாஸ் வேண்டாம்.

கறி ரைஸுக்கு கோக்கோ இச்சிபான்யா. சோற்றின் அளவு, காரம், டாப்பிங் எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கும் செயின் என்பதால் நம் நாக்குக்கு மிகவும் ஒத்துவருவது இதுதான். சும்மா "கறி" என்றால் பன்றி சாஸ் என்பதை மறக்க வேண்டாம். விலங்குப் பொருள் சேர்க்காத காய்கறிச் சாஸ் தனியாக உண்டு, பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். டாப்பிங்கில் பொரித்தது எதையும் சேர்க்காதீர்கள், எண்ணெய்ச் சட்டி பொதுவானது. காரத்தில் 5 சாப்பிட்டவர்களுக்குத்தான் 6உம் அதற்கு மேலும் தருவது என்று கடையே விதி வைத்திருக்கிறது. ஆந்திரா ஊறுகாய் பழகிய நாக்குக்கும் 3லிருந்து தொடங்குவதே நல்லது. இந்தக் காரம் மிளகாய்ச் சுவையாக இல்லாமல் தொண்டையில் எரிச்சலாக ஏறும்.

பில்லில்

கடையில் சாப்பிட்டால் வரி 10 சதவீதம், பார்சலுக்கு 8. டிப்ஸ் கிடையாது, மேசையில் வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். இசகாயாவில் (குடிக்கவும் கொறிக்கவும் போகும் கடை) மட்டும் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணம் வரும், பெயர் ஒதோஷி. அது இலவசம் அல்ல, தலைக்கு 300 முதல் 500 யென்வரை உட்காரும் கட்டணம். நான்கு பேர் போனால் இதுவே 2,000 யென் ஆகலாம். தொரிகிசொகு போன்ற சில செயின்களில் ஒதோஷி இல்லை.

முழுச் சைவர்களுக்கு இத்தனை கேள்வியும் வேண்டாம் என்றால் நேராக டோக்கியோ நிலையத்துக்குப் போகலாம். நிலையத்துக்குள்ளேயே, கெய்யோ ரயில் பாதைக்குப் போகும் வழியிலுள்ள கடைத்தெருவில் டீஸ் தன்தன் என்ற சைவ ரமேன் கடை இருக்கிறது. எள் விழுதுச் சூப், சோயா கொத்து, மீனும் முட்டையும் பாலும் எதிலும் கிடையாது. கறுப்பு எள் போட்ட கிண்ணம் கனமானது, முதல் தடவைக்கு வெள்ளை எள் பொருத்தம். கடை டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருக்கிறது. ரயில் ஏறாதவர்கள் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், அது 2 மணி நேரம்தான் செல்லும். மதியம் 12 முதல் 1 வரை வெளியே வரிசை நீளும். 11 மணிக்கோ 3 மணிக்கோ போனால் உடனே இடம் கிடைக்கும்.