'ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க': முதியோர் பணம் 9,600 ரூபாய் போன விதம்

என் பெரியம்மாவின் முதியோர் உதவித்தொகைக் கணக்கிலிருந்து 9,600 ரூபாயை ஒருவன் சுருட்டிவிட்டான். மாதம் 1,200 வீதம் எட்டு மாதப் பணம். ஓடிபி கேட்கவில்லை, போனில் யாரும் பேசவில்லை, எந்த லிங்க்கும் வரவில்லை. பட்டப்பகலில், கடையில், முகத்துக்கு நேராக உட்கார்ந்து எடுத்திருக்கிறான். ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். டெல்டா பக்கம் சின்ன ஊர். நடவும் களையெடுப்புமாக உழைத்த கை. 2023 ஆகஸ்டில் உதவித்தொகையை ஆயிரத்திலிருந்து 1,200 ஆக்கியதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ரேஷன் அரிசி இருக்கிறது, நூறு நாள் வேலை அவ்வப்போது இருக்கிறது, எனவே உதவித்தொகையைத் தொடாமல் விட்டால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிடலாம் என்று பல மாதமாக எடுக்காமல் வைத்திருந்தார். மாத்திரைக்காக ஒரு மாதப் பணம் மட்டும் எடுக்கலாம் என்று போன இடத்தில்தான் இது நடந்தது.

ஏன் கடைக்குப் போனார் என்று கேட்பீர்கள். வங்கிக் கிளை பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே போனாலும் "ஆயிரம் ரெண்டாயிரத்துக்கெல்லாம் இங்க வராதீங்க பாட்டி, உங்க ஊர்லயே ரேகை வச்சு எடுத்துக்கோங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். இதை நானே நின்று கேட்டிருக்கிறேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ரீசார்ஜ், கூடவே ஆதார் மூலம் பணம் எடுத்துத் தரும் கடை. ஒவ்வொரு முறையும் இருபது ரூபாய் தனியாக வாங்கிக்கொள்வான். இப்படி எடுத்துத் தருவதற்கு ஏஜென்டுக்குக் கமிஷன் தனியாக வருகிறது. அப்படியிருந்தும் வாங்குவான். "நம்ம தம்பி, உட்கார வச்சு தண்ணி குடுக்கும்" என்று பெரியம்மா அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

அந்தத் தம்பி செய்தது இதுதான். "இருங்க ஆத்தா, எவ்வளவு இருக்குன்னு பார்க்கிறேன்" என்று முதலில் ஒரு ரேகை வாங்கியிருக்கிறான். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம், "ரேகை விழல, அழுத்தி வைங்க." வைத்தார். "இதுவும் விழல, கட்டை விரலைத் துடைச்சிட்டு வைங்க." வைத்தார். "சர்வர் சுத்துது, கடைசியா ஒரு தடவை." அதற்கும் வைத்தார். பிறகு 1,200 ரூபாயை எண்ணிக் கொடுத்து, "பேப்பர் தீர்ந்துபோச்சு, ரசீது அடுத்த தடவை தர்றேன்" என்று அனுப்பிவிட்டான்.

பெரியம்மாவுக்கு இதில் சந்தேகம் வர வழியே இல்லை. வயல் வேலை செய்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையிலும் அவருக்கு ஒரே தடவையில் விழாது, துடைத்துத் துடைத்துத்தான் வைப்பார். அது அந்தக் கடைக்காரனுக்கு நன்றாகத் தெரியும். உழைத்துத் தேய்ந்த விரலையே திருட்டுக்குச் சாவியாக்கிவிட்டான். என்னால் இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்தபோதுதான் தெரிந்தது. ஒரே தேதியில் 4,000, மறுபடி 4,000, பிறகு 2,800. மொத்தம் 10,800. கைக்கு வந்தது 1,200. போனது 9,600. வங்கியில் பதிந்திருந்தது எப்போதோ தொலைந்த பழைய போன் எண் என்பதால் ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டோம். முதல் நாள், "சர்வர் பிராப்ளம் அண்ணே, மூணு நாள்ல தானா ரிவர்ஸ் ஆயிடும்" என்றான். வரவில்லை. மறுபடி போனபோது பேச்சே வேறு: "பத்தாயிரத்து எண்ணூறையும் எண்ணித்தான் குடுத்தேன். ஆத்தாவுக்கு வயசாச்சு, மறந்துட்டாங்க." அப்படியானால் மூன்று நாளில் ரிவர்ஸ் ஆகும் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். பதில் இல்லை. கடையில் இருந்தவர்கள் முன்னால் பெரியம்மாவை மறதிக்காரி ஆக்கிவிட்டான். கண்கலங்கி வெளியே வந்த அவரைப் பார்த்ததும் எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிதாகத் தோன்றியது.

வங்கிக் கிளையில் இன்னும் மோசம். "ரேகை வச்சது உங்க பெரியம்மாதானே? நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் அதிகாரி. "அந்தக் கடை எங்க ஏஜென்ட் இல்ல, வேற பேங்க் வழியா வேற கம்பெனி நடத்துறது" என்றார். கடைக்குப் போங்கள் என்று அனுப்பியது யார்? பணம் போனது எந்தக் கணக்கிலிருந்து? எழுதிக் கொடுத்த புகாருக்கு முத்திரை போட்டுத் தரக்கூட மனம் வரவில்லை. நகர மாட்டேன் என்று நின்ற பிறகுதான் போட்டுத் தந்தார்கள்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில், "பணம் கணக்குல ஏறிடுச்சுல்ல, எங்க வேலை அதோட முடிஞ்சது" என்றார்கள். பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற போன் எண்ணில் ஏற்கெனவே சொல்லியிருந்தோம். காவல் நிலையத்தில், "1930ல சொல்லிட்டீங்கல்ல, அவங்க பார்த்துக்குவாங்க" என்று மனு ரசீது போடவே தயங்கினார்கள். ஆளுக்கு ஆள் கைகாட்டிவிட்டார்கள். அந்த 9,600 யார் பொறுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நல்ல சாட்சி கிடைத்திருக்கிறது. ஆதார் இணையதளத்தில் 'அங்கீகார வரலாறு' என்று ஒன்று இருக்கிறது. நம் ஆதார் கடந்த ஆறு மாதத்தில் எங்கெங்கே, எந்த நிமிடத்தில் பயன்பட்டது, ரேகை ஏற்கப்பட்டதா இல்லையா என்று அதில் தெரியும். பெரியம்மாவின் ஆதாரில் என் போன் எண் இருந்ததால் ஓடிபி வாங்கிப் பார்த்தேன். அன்றைக்கு நான்கு முறை ரேகை வைக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் சில நிமிட இடைவெளியில். நான்குமே வெற்றி. ஒரு தடவைகூட 'விழாமல்' போகவில்லை! அதை அச்செடுத்து எல்லாப் புகாரோடும் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வாடிக்கையாளர் பக்கமும் வங்கி பக்கமும் தவறு இல்லாமல் வேறொருவரால் மின்னணு முறையில் பணம் போனால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இருக்கக் கூடாது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இதை அந்த அதிகாரியிடம் சொன்னதும் "அதெல்லாம் ஹெட் ஆபீஸ் பார்க்கும்" என்றார். சரி, பார்க்கட்டும். 30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகிறோம், கட்டணம் எதுவும் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வருகிற திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமும் பெரியம்மாவை அழைத்துப்போய் மனு கொடுக்கிறோம்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ரேகை, ஒரு ரசீது. "விழல" என்று சொன்னால், விழவில்லை என்பதற்கான சீட்டைக் கேளுங்கள், அல்லது திரையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் இரண்டாவது முறை விரலை வைக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். பேப்பர் இல்லாத கடையில் ரேகையே வைக்க வேண்டாம்.

வங்கிக் கணக்கில் இப்போது யாருடைய போன் எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மகன், மகள், அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவர், யாராவது எஸ்எம்எஸ் படிக்கக்கூடியவர் எண்ணாக இருக்கட்டும்.

ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது, அதனால் தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். வீட்டில் போன் தெரிந்தவர் இருந்தால் செய்யலாம். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947க்குப் பேசுங்கள்.

"புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சுத் தர்றேன், ரேகை வைங்க" என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆதார் மூலம் வரும் உதவித்தொகை, கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

பணம் போனது தெரிந்த உடனே 1930. அன்றைக்கே வங்கியில் எழுத்தில் புகார், முத்திரை போட்ட நகல். கடைக்காரன் "மூணு நாள் பொறுங்க" என்பான், பொறுக்க வேண்டாம். நமக்குச் சட்டம் தரும் மூன்று நாளைக் கரைக்கத்தான் அவன் அந்த மூன்று நாளைக் கேட்கிறான்.

அடுத்த மாத உதவித்தொகை விழும் நேரம் நெருங்கிவிட்டது. இதே மாதிரிக் கடைகளில் மறுபடி வரிசை நிற்கும். உங்கள் தெருவில் படிக்கத் தெரியாத பெரியவர் யாராவது இருந்தால், இந்த ஒரு முறையாவது கூடப் போய் நில்லுங்கள்.