ரேபிஸ்: தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும்

நாய் ஆழமாகக் கடித்தவருக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதை அடையாளம் கண்டு உடல் போதிய எதிர்ப்பொருள் (வைரஸை முடக்கும் புரதம்) தயாரிக்க 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் காயத்தில் இறங்கிய வைரஸ் நரம்பைத் தொட்டுவிடலாம். தாமதமானாலும் தடுப்பூசியால், வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் உருவாகின்றன. முழுத் தவணையும் முடித்தவர் பின்னாளில் மறுபடி கடிபட்டால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3 ஆம் நாட்களில் இரண்டு தடுப்பூசி போதும்.

இம்யூனோகுளோபுலின் என்பது வேறொரு மனிதரோ குதிரையோ தயாரித்து வைத்த எதிர்ப்பொருள். போட்ட உடனே வேலை செய்யும்; சில வாரங்களில் கரைந்துபோகும், நினைவு எதையும் விட்டுவைக்காது. தோலைக் கிழித்த கடி, கீறல், கண் வாயில் பட்ட எச்சில் இவற்றுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். ரத்தம் வராத சின்னக் கீறலுக்குத் தடுப்பூசியே போதும். எதுவானாலும் முதல் வேலை, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது.

அளவு, கிலோவுக்கு மனித வகையில் 20 யூனிட், குதிரை வகையில் 40. மில்லிக்கு 150 யூனிட் உள்ள மனித வகை என்றால் 60 கிலோ எடைக்கு 1,200 யூனிட், அதாவது 8 மில்லி. குதிரை வகையில் ஒவ்வாமை வாய்ப்பு சற்று அதிகம். கடும் ஒவ்வாமைக்கான மருந்தான அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும். ஆனாலும் மனித வகைதான் வேண்டும் என்று காத்திருப்பது வீண் ஆபத்து.

பிசகுவது பெரும்பாலும் போடும் இடத்தில். இம்யூனோகுளோபுலின் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போக வேண்டும். விரலில் எட்டு மில்லியை ஏற்ற முடியாது. அழுத்தினால் ரத்த ஓட்டமே தடைபடும். கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும். காயங்கள் பல என்றால் சலைன் கலந்து எல்லாவற்றுக்கும் எட்டவைக்கலாம். கணக்குக்கு மேல் போட்டால் தடுப்பூசியின் வேலையையே அது மட்டுப்படுத்தும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக்கூடாது என்பதும் அதனால்தான். தடுப்பூசிக்கு மேல்கைத் தசை, குழந்தைகளுக்குத் தொடை. பிட்டத்தில் போட்டால் எதிர்ப்பொருள் சரியாக எழாது.

முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் இம்யூனோகுளோபுலின் போடுவதில்லை. அதற்குள் உடல் சொந்த எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும்.