ஸ்விஃப்ட் டீசலுக்கு ஹைப்ரிட் டர்போ: பேட்டைப் பட்டறை ஒன்றின் வேலை

எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை மாற்றினால் வண்டி பறக்கும் என்று எண்ணிச் செல்பவர்கள், திருநெல்வேலி பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையை ஒட்டியுள்ள இந்த டீசல் பட்டறையில் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். பெயர்ப்பலகை இல்லாத இவ்விடத்தில், உச்ச குதிரைத்திறனைக் கூட்டிக் காட்டுவதைவிடக் என்ஜின் மெதுவாகச் சுழலும் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவையை வரவழைப்பதற்குத்தான் முதலிடம் தருகிறார்கள். எங்கள் பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு இங்கே ஹைப்ரிட் டர்போ பொருத்தி டியூன் செய்து ஓட்டிப் பார்த்ததில், நம் பக்கத்துச் சாலைகளுக்கு இந்த முறையே சரி என்பது என் முடிவு. குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

அந்த வண்டியில் உள்ள 1248 சிசி என்ஜின் ஃபியட் நிறுவனம் வடிவமைத்தது. 75 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) திறனும் 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் எனும் இழுவிசையும் தருவது. நாற்கரச் சாலையில் வள்ளியூர் வரை ஓட்டிப் போகிறவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறும் மலைச்சாலையில்தான் அதன் குணம் வெளிப்படும். எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக, எஸ் வளைவில் இரண்டாம் கியரில் திரும்பும்போது ஆர்பிஎம் 1400-க்கு இறங்கிவிட்டால், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வண்டி சற்று நேரம் யோசித்துவிட்டுத்தான் நகரும்; பின்னால் வரும் டிப்பர் அதுவரை பொறுப்பதில்லை. இதே என்ஜினின் 90 பிஎஸ் வடிவம் எர்டிகா, எஸ்எக்ஸ்4 போன்ற வண்டிகளில் வந்தபோது, 1750 ஆர்பிஎம்மிலேயே 200 நியூட்டன் மீட்டரை எட்டியது. அதன் டர்போவுக்குள் இருக்கும் சிறு இறக்கைகள் எக்ஸாஸ்ட் வேகத்துக்கு ஏற்பக் கோணம் மாறுவதே காரணம். 75 பிஎஸ் வடிவத்தின் டர்போவில் அந்த ஏற்பாடு கிடையாது.

பட்டறைக்காரர் பரிந்துரைத்த ஹைப்ரிட் டர்போவில் வெளிக்கூடு பழையதுதான். காற்றை அழுத்தும் பக்கத்தில் மட்டும் சற்றே பெரிய கம்ப்ரஸர் சக்கரம் ஏற்றப்படுகிறது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் பழைய அளவு டர்பைன் சக்கரமே இருக்கிறது. இவ்வளவு சிறிய என்ஜின் 1500 ஆர்பிஎம்மில் வெளியே தள்ளும் வாயு கொஞ்சம்தான் என்பதால், டர்பைனைப் பெரிதாக்கினால் அதைச் சுழற்றவே ஆற்றல் போதாமல், மிதித்ததும் இழுவை வராத தாமதமான லேக் இன்னும் கூடிவிடும். கம்ப்ரஸரை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினாலோ, கீழ் ஆர்பிஎம்மில் அழுத்திய காற்று திரும்பி அடிக்கும் சர்ஜ் தொல்லை வரும். இணையத்தில் விற்கும் பெரிய டர்போ ஒன்றின் படத்தைக் காட்டிய இளைஞரிடம் அவர் சொன்னது இதுதான்: “பூஸ்ட் ஏத்திக் காட்டுறது அஞ்சு நிமிச வேலை தம்பி. இஞ்சின் தாங்கணும்லா?” (பூஸ்ட் என்பது டர்போ தரும் காற்றழுத்தம்.)

வேலை நடந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. புதிய டர்போவை மாட்டும் முன் ஷாஃப்ட்டை விரல்களால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்றினார். ஆயில் வரும் லைனைப் புதிதாகவே போட்டார். பழைய லைனில் படிந்த கரி புதிய பேரிங்கைத் தின்றுவிடும் என்றார். உபரி எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவின் ஆக்சுவேட்டரில் கைப்பம்பால் காற்றை ஏற்றி, கம்பி எந்த அழுத்தத்தில் நகரத் தொடங்குகிறது என்பதை மீட்டரில் பார்த்து, நட்டை அரைச் சுற்றாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பூஸ்ட் முழுமை அடையும் முன்பே வேஸ்ட்கேட் கசியத் தொடங்கும் என்பதால், ரெஸ்பான்ஸ் வேண்டுவோர்க்கு இந்த அரைச் சுற்று மிக முக்கியமானது. அடுத்து, டர்போவிலிருந்து இன்டேக் வரையிலான வழியை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீரைத் தடவினார். பார்வைக்கு நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றிய ஒரு ரப்பர் ஹோஸின் கிளாம்ப் அடியில் குமிழி குமிழியாக நுரை கிளம்பியது. வேறெதையும் மாற்றாமல் அந்த ஹோஸை மட்டும் மாற்றியிருந்தாலே பிக்கப்பில் பாதி திரும்பியிருக்கும் என்று அவரே சொன்னார். விற்க வந்தவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள டீசல், பூஸ்ட் அளவுகளை மாற்றி எழுதும் மேப்பிங்தான் இந்த வேலையின் உயிர். டீசல் என்ஜினில் பூஸ்ட்டை மட்டும் கூட்டினால் பெரிய பலன் கிடைக்காது. வருகிற காற்றுக்கு ஏற்ப டீசலைக் கூட்ட வேண்டும். காற்று வரும் முன் டீசலைக் கொட்டினால் கரும்புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான் மிஞ்சும். அவர் உச்ச பூஸ்ட்டை, கம்பெனி நிலையிலிருந்து 0.2 பார் அளவுக்கு மேல் உயர்த்த மறுத்துவிட்டார். 1500-க்கும் 2000-க்கும் இடையே டீசல் அளவையும் இன்ஜெக்‌ஷன் டைமிங்கையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் மூன்றாம் கியரில் ஓட்டி லாக் (என்ஜின் அளவுகளின் பதிவு) எடுத்தார். அதுவும் உச்சி வெயிலில்! காலைக் குளிர்ச்சியில் காற்று அடர்த்தியாக இருப்பதால் எண்கள் அழகாக வரும், பாளையங்கோட்டை வெயிலில் அவை நிற்காது என்பது அவர் வாதம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்ப சென்சார் ஒன்றைப் பொருத்தி, ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் நிற்காதபடி பார்த்துக்கொண்டார்.

முன்பு 2000-ஐ ஒட்டி வந்த முழு பூஸ்ட், இப்போது 1700-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. எண்ணாகப் பார்த்தால் சிறிய வேறுபாடு. ஆனால் புளியரை ஏற்றத்தில் முதல் கியருக்கு இறங்காமல் வளைவை முடிக்க முடிகிறது. ஆலங்குளம் சாலையில் பேருந்தை முந்தும்போது நான்காம் கியரே போதுமானதாக இருக்கிறது. 3500-க்கு மேல் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மைலேஜ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குறைகளில் முதன்மையானது கிளட்ச். கூடிய டார்க்கைத் தாங்காமல் பழைய கிளட்ச் பிளேட் ஐந்தாம் கியரில் வழுக்கத் தொடங்கியது. பிளேட் தேய்ந்திருப்பதை முன்பே சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும் கூலி தனிச் செலவாகிவிட்டது. அடுத்தது, பட்டறையில் என்ஜின் திறனை அளக்கும் டைனோ இல்லாததால் எத்தனை பிஎஸ் கூடியது என்று எவரும் உறுதியாகக் கூற முடியாது. கோயம்புத்தூரிலிருந்து பாகம் வரத் தாமதமானபோது தாமாக ஒரு தகவலும் சொல்லவில்லை. ரசீதிலும் பாகத்தின் விலை, கூலி, மேப்பிங் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். அனைத்தும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது.

சட்டம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் டர்போவை மாற்றிவிட்டு, பின்னர் கிளெய்ம் கேட்டுச் சண்டையிடுவதில் பயனில்லை. பாரத் ஸ்டேஜ் 4 (பிஎஸ் 4) எனும் மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளுக்குப் புகை அளவின் வரம்பு, ஒளி உறிஞ்சும் அளவில் மீட்டருக்கு 1.62; எங்கள் வண்டி டியூனிங்குக்குப் பின்னும் அந்த வரம்புக்குள் தேறியது. மேப்பிங் கோப்பின் பழைய பிரதியையும் கழற்றிய டர்போவையும் கேட்காமலே கையில் கொடுத்தார்கள் என்பதால், தேவைப்பட்டால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

வேகப் பந்தயத்துக்கு வண்டி தயாரிக்க விரும்புவோர் இங்கே செல்ல வேண்டாம். மலைச்சாலையிலும் பாரத்தோடும் ஓடும் வண்டி வைத்திருப்போர், கிளட்ச்சையும் ஹோஸ்களையும் முதலில் சோதிக்கச் சொல்லிவிட்டு டர்போவைப் பற்றிப் பேசலாம். குற்றால சீசனில் கேரள வண்டிகள் வரிசையாக நிற்பதால், ஆனி, ஆடி மாதங்களில் முன்கூட்டியே தேதி வாங்கிக்கொள்வது நல்லது. காவல்கிணறு பக்கம் காற்று சுழன்றடிக்கும் அந்நாட்களில் எடுத்த லாகை அவர் கணக்கில் சேர்ப்பதுமில்லை. வேலை இன்னும் சில நாள் இழுக்கும்.