தாத்தா எழுதி வைத்த சீட்டு

தாத்தா கொடுத்த கற்கோடரி அதே கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதனருகே அவர் எழுதி வைத்த சீட்டைத்தான் காணோம். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு சேலம் வந்த எனக்கு, இந்தப் பயணத்தில் மனத்தை விட்டு அகலாதது இது ஒன்றே.

ஏற்காட்டு அடிவாரத்தில் நான் மூன்றாம் வகுப்பு வரை படித்த ஓட்டுக் கட்டடம்தான் இன்று எங்கள் பகுதியின் சிறிய வரலாற்றுக் காட்சியகம். முதல் நாள் பூட்டியிருந்தது. மறுநாள், சாவி வைத்திருக்கும் பழைய சத்துணவு ஆயா வந்து திறந்தார். உள்ளே மூன்று கற்கோடரிகள் வரிசையாக இருக்க, மூன்றுக்கும் பொதுவாக ஒரே அட்டையில் "பழங்காலக் கல்" என்று எழுதியிருந்தார்கள். அலமாரிக்கு வண்ணம் பூசியபோது பழைய சீட்டுகளையெல்லாம் குப்பை என்று அள்ளிப் போட்டுவிட்டார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

சேர்வராயன் மலையில் உழும்போது கிடைக்கும் இந்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மலைமக்கள் சாமிக் கல்லாகக் கருதிப் பிள்ளையார் முன்னே அடுக்கி வைப்பது பழைய வழக்கம். அப்படி ஒரு கோயிலில் இருந்த கல்லை, ஊரார் சம்மதித்துக் கொடுத்த பிறகே தாத்தா வாங்கி வந்தார். எந்த ஊர், யாருடைய கொல்லை, எந்த ஆண்டு, எந்தக் கோயில் என்று நான்கு வரியில் எழுதியும் வைத்தார். அந்த நான்கு வரி போய்விட்டால் அது ஓடையில் கிடக்கும் கூழாங்கல்லுக்குச் சமம். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டறிந்து, பிற்காலத்தில் ஏற்காட்டிலும் வாழ்ந்த ஆங்கிலேய நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறதென்றால், கல் கிடைத்த இடத்தை அவர் தவறாமல் குறித்து வைத்ததே காரணம். அவர் வாழ்ந்த மலையின் அடியிலேயே இப்படி நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தில் நான் வசிக்கும் சிற்றூரிலும் பழைய பள்ளி ஒன்றில் இதுபோன்ற காட்சியகம் உண்டு. வாரத்தில் இரண்டு பிற்பகல்தான் திறப்பார்கள். ஆனால் ஒரு சட்டைப் பொத்தானுக்குக்கூட நூலில் கட்டிய எண்ணும், அதே எண்ணில் பதிவேட்டில் கொடுத்தவர் பெயரும் இருக்கும். அதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

ஆனால் அங்கே எந்தப் பொருளையும் என் கையில் தரமாட்டார்கள். இங்கே ஆயா என் முகத்தை உற்றுப் பார்த்து, "பெரிய வாத்தியார் பேரனா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, இடப்பக்கக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் உங்க தாத்தா கொண்டாந்தது, மூக்கு ஒடைஞ்சிருக்கும் பாரு" என்றார். முனை உடைந்துதான் இருந்தது. சீட்டைத் தொலைத்த இடத்தில் இந்த ஒருவருடைய நினைவு மட்டும் பதிவேடாக நிற்கிறது. அவருக்கோ எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

அன்று மாலையே கடைவீதியில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அந்தக் கல்லைப் பற்றி எனக்கு நினைவிருந்ததையும் ஆயா சொன்னதையும் தனித்தனியாக எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். கொல்லைக்காரர் பெயர் எனக்கு நினைவில்லை. அந்த வரியை வெற்றாக விட்டிருக்கிறேன். மற்ற இரண்டு கற்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அவற்றைக் கொடுத்த வீட்டார் இதைப் படித்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கங்களை நிரப்பிவிட்டு வாருங்கள்.