ஏழு கோடை பார்த்த ஏசி

இந்த ஏசியை 2019 ஏப்ரலில் வாங்கினோம். திருவான்மியூரில் மூன்றாவது மாடி வீடு, அதுதான் கடைசி மாடியும். 10க்கு 12 படுக்கையறைக்கு 1 டன் போதும் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "மேல மொட்டை மாடியா சார்? அப்போ ஒன்றரை போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். ஒன்றரை டன், 5 நட்சத்திரம், தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகம் மாறும் இன்வர்ட்டர் ரகம், குளிரூட்ட ஆர்-32 கேஸ், செம்புக் காயில். பிராண்டைச் சொல்லவில்லை, இங்கே எழுதப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவை எந்தப் பிராண்டுக்கும் வரக்கூடியவைதான்.

அந்த முதல் கோடை சென்னைக்காரர்களுக்கு மறக்காது. ஏரிகள் வற்றி, தெருமுனையில் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டிய ஜூன். ஏசியின் டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்தோம். காலையில் முக்கால் பக்கெட் நிரம்பியிருந்தது. வீடு துடைக்க, செடிக்கு, கழிவறைக்கு என்று அது பங்கு பிரிந்தது. கரண்ட் போனால் ஓடும் வீட்டு இன்வர்ட்டரின் பேட்டரிக்கும் ஊற்றலாம் என்றார் மாமா. காயிலின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது, பேட்டரிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கெட்டைப் பார்த்த பிறகுதான் ஏசி செய்யும் வேலை புரிந்தது. அறைக் காற்றை இழுத்து, சில்லென்ற காயில் மேல் ஓட்டி, சூட்டை வெளியே தள்ளுவது ஒன்று. அதே காயிலில் காற்றின் ஈரத்தை வியர்க்க வைத்து வடிப்பது இன்னொன்று. கடலோர ஊரில் இந்த இரண்டாவது வேலைதான் நம்மைத் தூங்க வைக்கிறது.

ஒன்றரை டன் தந்த பாடமும் அதுதான். மே மாதத்துக்கு அது சரியான அளவு, அக்டோபருக்குப் பெரிது. மழை நாளில் பத்தே நிமிடத்தில் 24 டிகிரியைத் தொட்டுவிட்டு கம்ப்ரசர் அடங்கிவிடும். காயில் சூடேறினால் ஈரம் வடியாது. அறை குளிரும், ஆனால் தலையணை உறை பிசுபிசுக்கும். அந்த மாதிரி ராத்திரிகளில் ரிமோட்டில் துளிப் படம் போட்ட டிரை மோடைப் போட ஆரம்பித்தேன். விசிறியை மெதுவாக ஓட்டி ஈரத்தை மட்டும் இழுக்கும். வாங்கி ஒன்றரை வருடம் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

மற்ற நாளெல்லாம் 26 டிகிரி, மின்விசிறி இரண்டில். 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. எங்கள் வீட்டில் கவலை வேறு: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ளவற்றுக்கும் கட்டணத் தட்டு மாறிவிடும். 490க்கும் 510க்கும் நடுவே இருக்கும் அந்த 20 யூனிட் மாதிரி விலை உயர்ந்த பொருள் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

மின்சாரச் சிக்கனத்துக்குத் தரும் நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருப்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ராத்திரிக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 200 ராத்திரியில் அது தீர்ந்துவிடும்; சென்னையில் அதற்கு மேலும் ஓடுகிறது. 2022 ஜூலையில் அளவுகோலையும் இறுக்கிவிட்டார்கள். 2019இல் 5 நட்சத்திரமாக வாங்கியது அந்தப் புதிய கணக்கில் 4 ஆகிவிட்டது.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். இரண்டாம் கோடையிலிருந்து சர்வீஸுக்கு வந்த பையன் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடினான்: "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." இரண்டு முறை பணம் கொடுத்தேன். மூன்றாம் முறைதான் உறைத்தது. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, இல்லை குறையவே இல்லை. வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், வயதானவர். சோப்பு நுரையைக் கிண்ணத்தில் கலக்கி, அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாயை இணைக்கும் பிளேர் நட்டில் பிரஷ்ஷால் தடவிவிட்டு, "இங்க பாருங்க" என்றார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடுகு அளவில் ஒரு குமிழி, அது உடைந்து இன்னொன்று. குழாய் முனையை வெட்டி மறுபடி விரித்து, குழாய்க்குள் இருந்த காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, எடை பார்த்துக் கேஸ் ஏற்றினார். அதன்பிறகு நான்கு வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. டாப்-அப் என்று யாராவது சொன்னால் முதலில் குமிழியைக் காட்டச் சொல்லுங்கள்.

2021இல் ஒரு பல்லி. அவுட்டோர் யூனிட்டின் பிசிபி என்ற எலக்ட்ரானிக் போர்டு மேல் படுத்து, தானும் செத்து, போர்டையும் கொன்றது. இன்வர்ட்டர் ஏசியில் மூளையே அந்தப் போர்டுதான். புதிது வாங்கிய செலவில் ஒரு சின்ன வாஷிங் மெஷினுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். இப்போது ஒயர் நுழையும் ஓட்டையில் வலைத்துணி அடைத்திருக்கிறேன். கடல் உப்பு இன்னொரு எதிரி. தாங்கி நிற்கும் ஸ்டாண்டை ஐந்தாம் வருடம் மாற்றினோம். அலுமினியத் தகடுகள் ஓரத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

2022இல் மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தோம். குடியிருப்போர் சங்கத்தில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. முன்பெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி மேற்கூரையைத் தொட்டால் தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். இப்போது வெறும் வெதுவெதுப்பு. அறை குளிர முக்கால் மணி நேரம் ஆனது போய் இருபது நிமிடத்தில் ஆகிறது. வாங்கும்போதே இதை யாராவது சொல்லியிருந்தால் 1 டன்னோடு நிறுத்தியிருப்பேன்.

கடைசியாக, நான் ரொம்பத் தாமதமாகக் கவனித்த விஷயம். மூன்று பேரும் காலையில் தலைபாரத்தோடு எழுவோம். ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சுக்குக் கஷாயம் வைத்தார். ஒரு நண்பரிடம் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் இரவல் கிடைத்தது. வெளிக்காற்றில் சாதாரணமாக 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுற்றி இருப்பது, கதவு ஜன்னல் சாத்திப் படுத்த ராத்திரி இரண்டு மணிக்கு 1,600, விடியற்காலை ஐந்தரைக்கு 2,300 காட்டியது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. நாம் விட்ட மூச்சையே குளிர வைத்துத் திருப்பித் தருகிறது. இது எனக்கு 40 வயது வரை தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்பே, ஒரு போகிப் புகைக்குப் பயந்து நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போட்ட ஏர் பியூரிஃபையர் ஒன்றும் வாங்கியிருந்தேன். தூசிக்கும் புகைக்கும் அது நன்றாக வேலை செய்கிறது. கொசுவர்த்திச் சுருள் ஒன்று ஏற்றினால் பிஎம் 2.5 எனும் நுண்தூசியின் அளவு பல நூறுக்குப் பாய்வதையும், பியூரிஃபையர் போட்டதும் அது இறங்குவதையும் திரையில் பார்க்கலாம். ஆனால் கார்பன் டை ஆக்ஸைடை அது ஒரு பிபிஎம் கூடக் குறைக்காது. அந்த வாயு ஹெப்பா வலையில் சிக்காது. ஏசியின் மேல் ஒட்டியிருந்த ஏதோ ஒரு ஃபில்டர் ஸ்டிக்கரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் வலை முடியையும் பஞ்சையும் பிடிக்கிறது, அவ்வளவே. கடற்காற்று வரும் எங்கள் தெருவில் பியூரிஃபையர் வருடத்துக்கு இருபது நாள் ஓடினால் அதிகம். டெல்லியில் இருக்கும் தம்பிக்கு அது அரிசி பருப்பு மாதிரி. எனக்கு வீண் செலவு என்றே சொல்வேன். வாசலில் சுருள் ஏற்றுவதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தது அதைவிட உதவியது.

தலைபாரத்துக்குக் கண்டுபிடித்த வைத்தியம் மலிவானது. ஹால் ஜன்னல் திறந்திருக்கும். படுக்கையறைக் கதவு இரண்டு விரல் இடைவெளி, குளியலறைக் கதவு ஒரு விரல். மேலே வென்டிலேட்டர் வழியாகப் பழைய காற்று போய்விடும். மீட்டர் 1,200ஐத் தாண்டுவதில்லை. மின்கட்டணம் கொஞ்சம் ஏறத்தான் செய்தது, அதை வெள்ளைப் பூச்சு ஈடுகட்டிவிட்டது.

இந்தக் கோடையில் கம்ப்ரசர் தொடங்கும்போது லேசாக ஓர் உறுமல். அடுத்தது வாங்கினால் 1 டன்தான். மிஞ்சும் பணத்தில் சுவரில் ஒரு துளை போட்டு, ஃபில்டர் வைத்த சின்ன விசிறி ஒன்றால் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும் என்று படமெல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். சுவரை உடைக்கிற வேலை எதுவானாலும் பொங்கலுக்கு அப்புறம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.