ஆட்டோ கஞ்சாச் செடியில் கட்டிங் எடுக்க குளோனர் மிஷின் வாங்கலாமா?

கனடாவின் கிச்சனர் நகரில் இருக்கும் நண்பர் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஆட்டோ என்பது வெளிச்சத்தைப் பார்க்காமல் தானாகவே பூக்கும் கஞ்சா ரகம். நான் சில வருடங்களாக வைத்திருக்கும், வெட்டிய கிளைகளுக்கு (கட்டிங்) வேர் வரவைக்கும் குளோனர் மிஷின் இப்போது நன்றாக விலை இறங்கி வந்திருக்கிறது. "அண்ணே, ஆட்டோ விதை ஒவ்வொண்ணும் அநியாய விலை. ஒரு செடி போட்டு, அதிலேயே மூணு கட்டிங் எடுத்து இந்த மிஷின்ல வெச்சுட்டா நாலு செடி ஆச்சே. வாங்கிரட்டுமா?" என்றார். போனில் ஒரு வரியில் சொல்ல வராத பதில், அதனால் இங்கே.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ஒண்டாரியோவில். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இந்த மாகாணத்தில் 19 வயது நிரம்பியவர்கள் வீட்டில் வளர்க்கலாம். ஆனால் வீட்டுக்கு நான்கு செடிதான், ஆளுக்கு நான்கு அல்ல. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் அதுவும் கிடையாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வளர்ப்பது குற்றம். நீங்கள் இதைத் தக்காளிக்காகவும் துளசிக்காகவும் மட்டும் படியுங்கள், அதற்கும் இதில் நிறைய இருக்கிறது.

மிஷின் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே தண்ணீரில் முங்கிக் கிடக்கும் பம்ப், மேல்நோக்கிப் பீச்சும் நாசில்கள், மூடியின் ஓட்டைகளில் கட்டிங்கைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையங்கள். மண் கிடையாது. தண்டின் அடிப்பகுதி காற்றில் தொங்கும், தண்ணீர் அதன் மேல் தெறித்துக்கொண்டே இருக்கும்.

வேர் விடுவதில் இதை அடிக்க ஆளில்லை. தக்காளியின் பக்கக் கிளைகளை வழக்கமாகக் கிள்ளி எறிவோம் அல்லவா, அதை எறியாமல் இதில் செருகினால் ஒரு வாரத்துக்குள் வேர் தொங்கும். கஞ்சாவுக்குப் பொதுவாக 10 முதல் 14 நாள். முதலில் தண்டின் தோலில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் புடைப்புகள் வரும். வளையத்தோடு தூக்கிப் பார்த்தால் விரலில் நெருடும். ஓரிரு நாளில் ஒவ்வொரு புடைப்பிலிருந்தும் ஒரு வெள்ளை நூல் எட்டிப்பார்க்கும். மண்ணில் நட்டிருந்தால் பிடுங்கிப் பார்க்க முடியாது. இதில் தினமும் தூக்கிப் பார்க்கலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புடைப்புகளைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

இப்போது ஆட்டோ விஷயம். சாதாரணக் கஞ்சாச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். வீட்டுக்குள் தினம் 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும், 12 மணி நேரம் தொடர்ந்து இருட்டுக் கொடுத்தால் பூவுக்குத் திரும்பும். ஆட்டோ அப்படியில்லை. அதன் ரத்தத்தில் ருடராலிஸ் என்கிற குட்டை இனம் கலந்திருக்கிறது. 1924இல் ஜானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் பெயரிட்டு விவரித்த காட்டுச் செடி அது. கோடை குறுகிய குளிர் நிலத்தில் இரவு நீளும்வரை காத்திருந்தால் விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். அதனால் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல், முளைத்து மூன்று நான்கு வாரம் ஆனதும் வயதை வைத்தே பூக்கத் தொடங்குகிறது. முளையிலிருந்து அறுவடை வரை பத்து வாரம், மிஞ்சினால் பன்னிரண்டு.

எங்கள் ஊருக்கு இது எவ்வளவு தோது என்பதைத் தோட்டம் போடுபவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மே மாதக் கடைசியில்தான் தைரியமாக வெளியே நடமுடியும். சாதாரணச் செடி ஆகஸ்டில் பூவெடுத்து, செப்டம்பர் முடிந்து அக்டோபர் வரை இழுக்கும். அந்த நேரத்து மழையிலும் பனி ஈரத்திலும் கொழுத்த பூக்களின் நடுவே சாம்பல் பூஞ்சை பிடித்து, வெளியே பச்சையாக இருப்பது உள்ளே தூளாகிக் கிடக்கும். ஆட்டோ ஆகஸ்ட் வெயிலிலேயே வேலையை முடித்துவிடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், என் தோட்டத்தில் ஒவ்வொரு கோடையும் இருக்கிறது.

ஆனால் கட்டிங் என்று வந்தால் கதையே வேறு. வெட்டி வைத்த கிளை புதிதாகப் பிறப்பதில்லை. தாய்ச்செடிக்கு என்ன வயதோ அதே வயதில்தான் கிளை கிளம்புகிறது. ஒட்டு மாங்கன்று இடுப்புயரம்கூட வளராமல் தொட்டியிலேயே பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய குச்சி காய்த்த மரத்திலிருந்து வந்தது, அதன் முதிர்ச்சி அதோடேயே வந்துவிட்டது. மாவில் அதற்குத்தான் காசு கொடுக்கிறோம். ஆட்டோவில் அதே குணம் காலை வாருகிறது.

என் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முளைத்து மூன்று வாரமான செடி. இன்னும் பூ அடையாளம் தெரியவில்லை. அடிக்கிளையில் இரண்டு கணு இருக்கிற மாதிரி சாய்வாக வெட்டி, பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்து மிஷினில் வைத்தேன். அதற்கு முன்னால் வெட்டலாம் என்றால் வெட்டுவதற்குக் கிளையே இருக்காது. பின்னால் என்றால் பூ வந்துவிடும். அந்த இடைவெளி அவ்வளவுதான். வேர் வழக்கம்போல அருமையாக வந்தது, வெள்ளை வெளேரென்று கொத்தாக. அதைத் தூக்கிப் பார்த்த அன்றுதான் நுனியையும் கவனித்தேன். கணுக்களில் இரட்டை இரட்டையாக வெள்ளை முடிகள். பூ ஆரம்பித்துவிட்டது. தொட்டிக்கு மாற்றி, நல்ல மண்ணும் உரமும் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் உயரத்தைத் தாண்டவே இல்லை. உச்சியில் கட்டைவிரல் அளவு ஒரே ஒரு பூ, அதோடு சரி. தாய்ச்செடியோ இடுப்புயரம் வளர்ந்து பக்கத்தில் நிற்கிறது, அதிலும் ஒரு கிளை போன குறை தெரிகிறது. அடுத்த கோடையில் வேறு ரகத்தில் வைத்தும் இதே முடிவுதான்.

சாதாரணச் செடி பூத்துவிட்டால்கூட 18 மணி நேர வெளிச்சத்துக்கு மாற்றி மெல்ல மெல்ல இலைவளர்ச்சிக்குத் திருப்பலாம். ஆட்டோவிடம் அந்தப் பேச்சே எடுபடாது. விளக்கு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நாலு செடிக் கணக்கையும் யோசியுங்கள். வேர்விட்ட கட்டிங்கையும் நான் ஒரு செடியாகவே எண்ணுகிறேன், அதுதான் பத்திரம். அந்த நாலில் ஓர் இடத்தை ஒரு சாண் செடிக்குக் கொடுப்பதா? விதை விலை கையைக் கடிக்கிறது என்று சொன்ன நண்பர், அதைவிட விலையுள்ள இடத்தை வீணாக்கப் பார்க்கிறார்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். இந்த மிஷினின் பம்ப்.

பம்ப் தண்ணீருக்குள்ளேயே கிடந்து நாள் முழுக்க ஓடுகிறது. அது இழுக்கிற மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகித் தண்ணீருக்குள்தான் இறங்கவேண்டும், வேறு போக்கிடம் இல்லை. ஜூலையில் என் பேஸ்மென்ட் 22 டிகிரி இருக்கும்போது தொட்டித் தண்ணீர் 28ஐத் தொடுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை தாங்குகிற தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். அழுகல் பூஞ்சைக்கோ அந்தச் சூடுதான் கொண்டாட்டம். வளையத்தைத் தூக்கினால் புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருக்கும், தொட்டால் தோல் தனியாக வழுகி வரும். வேர் விடுவதற்கென்றே விற்கிற மிஷினில் வேருக்கு ஆகாத சூட்டை உண்டாக்கும் பொருளை நடுவில் வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு கோடையும் எனக்குக் கோபம் வருகிறது. கூட வந்த தாளில் "பம்பை நிறுத்தாமல் ஓட விடவும்" என்று வேறு போட்டிருக்கிறது.

நான் டைமர் மாட்டிவிட்டேன். கால் மணி நேரம் ஓடும், கால் மணி நேரம் நிற்கும். கட்டிங் வாடவில்லை, தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலையும் உள்ளே மிதக்க விடுகிறேன். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கியவன் ஏன் செய்ய வேண்டும்?

போன வசந்தத்தில் பம்ப் நின்றே போனது. ஏரித் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு படிந்து சுழலி இறுகிவிட்டது. உத்தரவாதம் இருக்கிறதே என்று எழுதிக் கேட்டால், உப்புப் படிவுக்கு அது செல்லாதாம். எந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் உப்பு இல்லை? மீன்தொட்டிக் கடையில் வாட் குறைந்த சின்னப் பம்ப் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். பீச்சும் வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் சூடு பாதியாகிவிட்டது. நாசில்களை மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்து ஊசியால் குத்திவிடுகிறேன்.

ஆட்டோவுக்கும் இந்தச் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நாள்தான். தக்காளியோ குண்டுமல்லியோ ஒரு வாரம் தாமதமாக வேர்விட்டால் ஒன்றும் குடிமுழுகாது. ஆட்டோ கட்டிங்குக்கு அந்த ஒரு வாரம் திரும்பி வராது. அதன் வளர்ச்சிக் காலமே சில வாரங்கள்தான், பம்ப் அதிலும் கை வைக்கிறது.

இதே சூடு குளிர்காலத்தில் வரமாக மாறுவதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனவரியில் பேஸ்மென்ட் 17 டிகிரிக்கு இறங்கும். மண் தொட்டியில் வைத்த குச்சி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். மிஷினிலோ தண்ணீர் 23, 24இல் நிற்கும், வேருக்கு அதைவிடப் பொருத்தமான சூடு இல்லை. வெளியே பனி கொட்டிக் கிடக்க, உள்ளே துளசிக் கிளைகள் வரிசையாக வேர்விட்டு நிற்கின்றன. துளசி குளிர்காலத்தில் செத்துச் செத்து வருடாவருடம் விதை போட்ட வீடு எங்களுடையது. இப்போது கதிரைக் கிள்ளிவிட்டு நவம்பரில் கட்டிங் வைக்கிறோம், ஏப்ரலில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோம். என் மாமியார் இந்த மிஷினைத் துளசி மிஷின் என்றுதான் சொல்கிறார். கறிவேப்பிலைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். அது குச்சியில் லேசில் பிடிக்காது, விதையும் பக்கக் கன்றும்தான் வழி.

நண்பருக்கு என் பதில்: ஆட்டோவுக்காக என்றால் வாங்காதீர்கள், பாதி விலைக்கு வந்தாலும் சரி. அந்தக் காசுக்கு ஆட்டோ விதையே வாங்கி அறுவடை வரை இருக்கப்போகிற தொட்டியிலேயே நேரடியாகப் போடுங்கள், இடம் மாற்றினால்கூட அதற்குப் பிடிக்காது. கட்டிங்தான் எடுக்க வேண்டும் என்றால் சாதாரண ரகத்தில் ஒன்றைத் தாய்ச்செடியாக 18 மணி நேர விளக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஓர் இடம் போகும், ஆனால் அது தருகிற ஒவ்வொரு கட்டிங்கும் முழுச் செடியாக வளரும். அதற்குக்கூட வேர்விடும் பொடியும் கண்ணாடி டம்ளரும் ஈரம் காக்க ஒரு மூடியும் போதும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. துளசிக்கும் தக்காளிக்கும் இவ்வளவு பாராட்டிவிட்டு இரண்டுதானா என்றால், ஆமாம், இரண்டுதான். பம்பைத் தொட்டிக்கு வெளியே வைக்கட்டும், அல்லது டைமரையாவது அவர்களே பெட்டியில் போட்டுக் கொடுக்கட்டும், அப்புறம் மாற்றி எழுதுகிறேன். ஜூலையில் இன்னொரு முறை தொட்டியைக் காலி செய்து கொழகொழப்பைத் தேய்த்துக் கழுவ என்னால் முடியாது.