அரிட்டாபட்டியில் பறவை பார்த்தல்: வழிகாட்டி சரி, நேரம் சரியில்லை

மாசி மாதக் கடைசி ஞாயிறன்று மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் ஒரு குழு ஏற்பாடு செய்திருந்த பறவை பார்க்கும் நடையில், ஆளுக்கு 300 ரூபாய் கட்டிக் கலந்துகொண்டேன். அழைப்பில் ‘வசந்த கால நடை’ என்று போட்டிருந்தார்கள். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனாலும், வலசை வந்தவை இன்னும் கிளம்பாமலும், உள்ளூர்ப் பறவைகள் பல கூடு கட்டத் தொடங்கியும் இருக்கும் இந்த இடைப்பட்ட நாள்களைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவுதான்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் நிலத்தை, 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள் இங்கு இருப்பதாகவும், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் அவற்றில் முக்கியமானவை என்றும் அப்போது எடுத்துச் சொல்லப்பட்டது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து நடந்த போராட்டமும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் கைவிடப்பட்டதும் ஊரின் பெயரை எங்கும் கொண்டுசேர்த்துவிட்டன. அதனால்தானோ என்னவோ, ‘15 பேருக்கு மட்டும்’ என்று அறிவித்த நடைக்கு 32 பேர் வந்து நின்றோம்.

காலை 5:45 மணிக்குத் தொடங்கும் என்றார்கள். மாட்டுத்தாவணியிலிருந்து ஆள்களை ஏற்றிவந்த வேன் வந்து சேர்ந்தபோது மணி 6:30. இருசக்கர வாகனத்தில் முன்னதாகவே போய்விட்ட நாங்கள் நால்வர், புதருக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவி இரண்டு சுரத்தில் விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பெயருக்கேற்ப அது தன் நேரத்தில் வந்து, கூவி, அடங்கிவிட்டது. வேனில் வந்தவர்களுக்கு அந்தக் குரல் கிடைக்கவில்லை.

வழிகாட்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கண்மாய்க் கரையில் ஏறியதும் பறவைகளின் பெயர்களை அடுக்காமல், ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று நிறுத்திவைத்தார். நீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கிய ஓரத்தில் பவளக்காலிகள் நடந்துகொண்டிருந்தன. நடுவில் நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் மிதந்தன. சங்குவளை நாரை ஒன்று பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமும் துழாவிக்கொண்டே காலால் சேற்றைக் கலக்கியது. மீன் கண்ணில் பட்டுப் பிடிப்பதல்ல, அலகில் பட்டதும் சட்டென்று மூடிப் பிடிப்பது என்று அவர் சொன்ன பிறகு, நான் பைனாகுலரை அதைவிட்டு எடுக்கவே இல்லை.

மலைக்கு வந்ததும் அவர் சொன்ன வாக்கியம் கட்டணத்துக்கு ஈடானது: “பறவையைத் தேடாதீங்க, எச்சத்தைத் தேடுங்க.” செங்குத்தான பாறையில் சுண்ணாம்பு வழிந்தாற்போல் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருந்தன. அவற்றின் உச்சியிலிருந்த விளிம்பில், கருந்தலையும் துருநிற வயிறுமாக ஷாஹீன் வல்லூறு அமர்ந்திருந்தது. காலுக்கடியில் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு சிறகுகளைப் பிய்த்துப்போட, அவை பாறையை ஒட்டி மெல்ல இறங்கின. ஆனால் பைனாகுலரைவிட நெருக்கமாகக் காட்டும் பெரிய தொலைநோக்கி ஒன்றே ஒன்று. 32 பேர் வரிசை. எனக்குக் கிடைத்தது பத்து, பதினைந்து நொடி. வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பெண்களின் முறை வருவதற்குள் பறவை பறந்துவிட்டது. “அதான் ஃபோட்டோ இருக்கேக்கா, அனுப்பிவிடுறோம்” என்று ஏற்பாட்டாளர் சமாதானம் சொன்னது சரியான பதிலாக எனக்குப் படவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. உதவியாளர் ஒருவர், படம் எடுப்பவர்களுக்காக ஊதாத் தேன்சிட்டின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டார். தன் எல்லைக்குள் போட்டிக்கு ஆண் ஒன்று வந்துவிட்டதாக நினைத்து, ஆண் சிட்டு கூடிருந்த கிளையைவிட்டுப் பதறி வெளியே வந்தது, படங்களும் கிடைத்தன. கூடு கட்டும் பருவத்தில் இதைச் செய்யக்கூடாதென்று அத்தனை விவரம் தெரிந்த வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒன்பது மணிக்குப் பொங்கலும் வடையும் கொடுத்து நடையை முடித்தார்கள். சிற்றுண்டி நன்றாக இருந்தது. முடித்த நேரம்தான் புரியவில்லை. விளம்பரப் படத்தில் கழுகை வைத்து ஆள் சேர்த்தவர்கள், பாறை சூடேறி வெங்காற்று மேலெழுந்த பிறகுதான் அது வட்டமிடக் கிளம்பும் என்பதை அறியாதவர்களா? நாங்கள் நால்வரும் தங்கிவிட்டோம். மணி 9:40 இருக்கும், மலைக்குப் பின்னாலிருந்து இரண்டு போனெல்லிக் கழுகுகள், வெளிர்ந்த உடலும் கருத்த இறக்கையுமாக, ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போயின. வேன் அதற்குள் நரசிங்கம்பட்டியைத் தாண்டியிருக்கும்.

இதே வழிகாட்டியோடு 12 பேரை மட்டும் அழைத்து, பத்தரை மணிவரை நடத்துவார்களானால் 600 ரூபாய் கொடுத்தும் போவேன். இப்போதுள்ளபடி போக நினைப்பவர்கள் சொந்த வண்டியில் போங்கள். தொப்பியும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் நிழல் இல்லை.